வீடு மாறும்போது மீன் தொட்டி: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வாடகை வீட்டிலிருந்து வீடு மாறுபவர்களிடம் அதிகம் இருப்பது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டிதான். கீழே உள்ள அளவுகள் எல்லாம் அதற்கானவை. விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக நடைமுறையில் 45 லிட்டர். 5 மி.மீ. கண்ணாடி என்றால் வெறும் தொட்டியே 9 கிலோ இருக்கும்.

வண்டியில் போகும்போது சாகும் மீன்கள் குறைவு. பெரும்பாலான சாவு புது வீட்டில், முதல் 10 நாளுக்குள் நடக்கிறது. மீன் கழிவைத் தின்னும் பாக்டீரியா வாழும் ஃபில்டர் ஸ்பாஞ்ச் காய்ந்துபோயிருக்கும், அல்லது யாராவது குழாயடியில் சுத்தமாகக் கழுவியிருப்பார்கள். இல்லையென்றால் புது வீட்டுத் தண்ணீர் பழையதிலிருந்து வெகுவாக மாறுபட்டிருக்கும். மீன் எந்த வகையில் தவித்தாலும் முதலில் இந்த இரண்டையும் சந்தேகப்படுங்கள். மருந்துக் குப்பியைக் கடைசியில் எடுத்தால் போதும்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: பழைய தொட்டி நீர் 20 லிட்டர் (ஒரு தண்ணீர் கேன் நிறைய), சோப்பு படாத புது மூடி வாளி, தடித்த மீன் பைகள், ரப்பர் பேண்ட், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப், ஆன்டி க்ளோரின், அம்மோனியா (மீன் கழிவில் வரும் விஷம்) சோதனைச் சொட்டு மருந்து, டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது). ஆர்.ஓ. வைத்திருக்கும் வீடுகளில் மீட்டர் பெரும்பாலும் இருக்கும்.

## அறிகுறி 1: பையிலோ வாளியிலோ மீன் சாய்ந்து கிடக்கிறது

பையில் தண்ணீர் அதிகம், காற்று குறைவு. பையின் மூன்றில் ஒரு பங்கு நீர், இரண்டு பங்கு காற்று இருக்க வேண்டும். மீனுக்கு நல்லது என்று நினைத்து முக்கால் பை தண்ணீர் பிடிப்பதுதான் வழக்கமான தவறு. பையைத் திறந்து பாதி நீரைக் கொட்டிவிட்டு, காற்றை அள்ளி மீண்டும் கட்டுங்கள். வாயால் ஊதக் கூடாது. ஒரு லிட்டர் நீருக்கு 4 கப்பி அல்லது மோலி, 10 செ.மீ. கோல்டு ஃபிஷ் என்றால் 2 லிட்டர் நீரில் தனியாக ஒன்று. 2 மணி நேரப் பயணத்துக்குச் சாதாரணக் காற்றே போதும். 6 மணி நேரத்தைத் தாண்டினால் மீன் கடையில் ஆக்ஸிஜன் அடைத்து வாங்குங்கள். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்கள். அவற்றுக்குச் சாதாரணக் காற்றையே அடைக்கச் சொல்லுங்கள்.

சூடு. பையைத் தொட்டுப் பாருங்கள். கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் மீனுக்கு அது தாங்காது. பைகள் தெர்மாகோல் பெட்டிக்குள், மூடிய நிலையில், ஏ.சி. காருக்குள் போக வேண்டும். குட்டி யானை வண்டியின் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் பீரோவோடு போகவே கூடாது. காலை 6 மணிக்குள் கிளம்ப முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஐஸ் வைப்பதென்றால் துணியில் சுற்றி, பெட்டியின் ஓரத்தில், பையில் படாமல் வையுங்கள்.

நீர் கலங்கி, கழிவு மிதக்கிறது. கிளம்பும் அன்று காலையில் இரை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 24 மணி நேரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ள மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி தாங்கும். பாதி நீரை, கேனில் எடுத்து வந்த பழைய தொட்டி நீரால் மாற்றுங்கள்.

பை தளர்ந்து பெட்டி ஈரமாக இருக்கிறது. சக்கர் மீனின் முள் பையைக் குத்தியிருக்கும். சக்கர், கெளுத்தி வகைகளை வாளியில்தான் கொண்டுபோக வேண்டும். பைதான் இருக்கிறது என்றால் இரட்டைப் பை போட்டு நடுவே செய்தித்தாள் சுற்றுங்கள். குட்டி மீன்கள் பையின் மூலையில் சிக்கி நசுங்குவதும் உண்டு; இரண்டு மூலைகளையும் ரப்பர் பேண்டால் முடிந்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

## அறிகுறி 2: தொட்டிக்கு அடியில் ஈரம்

பதறித் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். வெளிப்புறத்தை உலரத் துடைத்து, அடியில் செய்தித்தாளை விரித்து, நீர்மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்துவிட்டு 2 மணி நேரம் பாருங்கள்.

மட்டம் குறையவில்லை, தாள் மட்டும் நனைகிறது. மூடியிலிருந்தோ ஒயர் வழியாகவோ சொட்டுகிறது. ஒயரைப் பிளக்குக்குக் கீழே வளைவாகத் தொங்க விடுங்கள். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

ஏர் பம்ப்புக்குள் நீர். பம்ப்பைத் தரையில் வைத்திருக்கிறார்கள். மின்சாரம் போன நேரத்தில் ட்யூப் வழியாக நீர் பின்னோக்கி இறங்கியிருக்கிறது. பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது ட்யூபில் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போடுங்கள்.

மட்டம் குறைகிறது, ஓர் உயரத்தில் நின்றுவிடுகிறது. கசிவு அந்த உயரத்தில் உள்ள இணைப்பில் இருக்கிறது. நீரையும் கல்லையும் முழுதாக எடுக்காமல் தூக்கினால் சிலிக்கான் இணைப்பு இழுபட்டு இப்படி ஆகும். மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியைக் காலி செய்து உலர்த்துங்கள். புது சிலிக்கான் பழைய சிலிக்கான் மேல் ஒட்டாது. அந்த உள்மூலையை முழு நீளத்துக்கும் பிளேடால் சுரண்டி, தின்னரால் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். பூஞ்சை எதிர்ப்பு என்று போட்ட பாத்ரூம் சிலிக்கான் மீனைக் கொல்லும். தொட்டிக்கென்று விற்பதையே வாங்குங்கள். 48 மணி நேரம் காயட்டும். பிறகு மீனில்லாமல் நிரப்பி ஒரு நாள் சோதித்துவிட்டு மீனை விடுங்கள்.

ஸ்டாண்டு ஆடுகிறது, ஒரு பக்கம் நீர் உயர்ந்து நிற்கிறது. இடம் வலம் நீர்மட்டத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரி செய்ய வேண்டும். பாதி நீரை இறக்கிவிட்டு, ஸ்டாண்டின் காலுக்கு அடியில் மரச் சக்கை (ஆப்பு) கொடுங்கள். தொட்டிக்கு அடியில் நேரடியாக அட்டையை மடித்துச் சொருகினால் கண்ணாடி விரிசல் விடும். ஃப்ரேம் இல்லாத தொட்டிக்கு அடி முழுதும் 12 மி.மீ. தெர்மாகோல் ஷீட் இருக்க வேண்டும். மாற்றும்போது பழைய ஷீட் உடைந்து, வெறும் பலகை மேல் ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: அடிக் கண்ணாடியில் விரிசல் என்றால் ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள். 2 அடித் தொட்டிக்குப் புதியது வாங்குவதே மலிவு. 3 அடிக்கு மேற்பட்ட தொட்டியில் இணைப்பு விட்டிருந்தால் தொட்டி செய்பவரிடம் கொடுத்துப் பிரித்து ஒட்டச் சொல்லுங்கள். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் இந்த வேலை தெரிந்த கடைகள் நிறைய உண்டு.

## அறிகுறி 3: ஃபில்டர் ஓடவில்லை, அல்லது இரைச்சல் போடுகிறது

நீருக்குள் வைக்கும் பவர் ஃபில்டர் என்றால் முதலில் காற்றடைப்பு. நீருக்குள்ளேயே சாய்த்துக் குலுக்குங்கள். குமிழ் வெளியேறியதும் ஓடும். ஓடவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இம்பெல்லரை (உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் விசிறி) வெளியே எடுங்கள். மணல் சிக்கியிருக்கலாம். மெல்லிய பீங்கான் கம்பி வண்டிக் குலுக்கலில் உடைந்திருக்கலாம். கம்பி தனியாகக் கிடைக்காத மாடல் என்றால் புது ஃபில்டர்தான். அப்படி வாங்கினாலும் பழைய ஸ்பாஞ்சை அதற்குள் திணித்து ஓட்டுங்கள். பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டால் அறிகுறி 7-க்கு வந்து சேர்வீர்கள்.

ஏர் பம்ப் இரைகிறது, குமிழ் மட்டும் வரவில்லை என்றால் ட்யூபைக் கழற்றி, பம்ப்பில் காற்று வரும் வாயில் விரலை வையுங்கள். காற்று பலமாக அடித்தால், ட்யூப் முனையில் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் அடைத்திருக்கிறது. காற்று வலுவில்லை என்றால் உள்ளே ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது மலிவான உதிரி பாகம்.

ஹீட்டர் வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஊட்டி, குன்னூர் பக்கம் மாறுபவர்கள் கவனிக்க: அணைத்து 20 நிமிடம் ஆறிய பிறகே நீரை விட்டு எடுக்க வேண்டும்; நீருக்குள் வைத்து 20 நிமிடம் கழித்தே போட வேண்டும். இல்லையென்றால் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் வெடிக்கும்.

உடனே நிறுத்த வேண்டிய இடம்: நீரில் விரல் பட்டதும் சுருக்கென்றால் மெயினை அணைத்துவிட்டுப் பிளக்குகளைப் பிடுங்குங்கள். பவர் ஃபில்டரையும் ஹீட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மறுபடி எதையும் சொருக வேண்டாம்.

## அறிகுறி 4: விட்ட ஒரு மணி நேரத்துக்குள் எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளக்கின்றன

ஃபைட்டர், கௌராமி மட்டும் மேலே வந்தால் அது இயல்பு. மற்றவையும் சேர்ந்து வந்தால்தான் ஆபத்து.

நீரில் ஆக்ஸிஜன் போதவில்லை. ஏர் ஸ்டோனை முழு வேகத்தில் விட்டு, ஃபில்டர் வாயை நீரின் மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்புங்கள். அரை மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கினால் பிரச்சினை முடிந்தது.

குளோரின். இறங்கவில்லை என்றால் இதுதான் அடுத்த சந்தேகம். குழாய்க் குடிநீரில் எஞ்சியிருக்க வேண்டிய குறைந்தபட்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.; மீனின் செவுளை அதுவே அரிக்கத் தொடங்கும். மெட்ரோ தண்ணீர் பழைய வீட்டில் சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் ஒரு நாள் கிடந்து குளோரின் போய்த்தான் குழாயில் வந்திருக்கும். அதனால் அங்கே ஒன்றும் ஆகவில்லை. புது வீட்டில் நேராக மெட்ரோ தண்ணீர் அடிபம்பிலிருந்து பிடித்திருப்பார்கள். அதைவிட மோசம், புதிதாகக் குடிவருகிறார்கள் என்று சம்ப்பைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள். குடியிருப்புச் சங்கத்திடமோ வீட்டுக்காரரிடமோ இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மீன் ஏற்கெனவே தவிக்கிறது என்றால் ஆன்டி க்ளோரினைக் குப்பியில் சொன்ன அளவில் முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு உடனே ஊற்றுங்கள். அடுத்த முறைக்கு, நீரை வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் வைத்தால் போதும்.

கல்லுக்கு அடியில் இருந்த சேறு. கல்லைக் கழுவாமல் அப்படியே கொட்டி நீர் ஊற்றினால், அடியில் கறுத்துக் கிடந்த பகுதி கிளம்பி அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த வாயு மீனுக்கு விஷம். மீன்களை உடனே வாளிக்கு மாற்றி, கல்லைப் பழைய தொட்டி நீரில் நன்றாக அலசி, தொட்டி நீரை முழுதாக மாற்றுங்கள்.

புது வீட்டுக் காற்று. யாரும் நினைத்தே பார்க்காத காரணம் இது. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேராக நீருக்குள் தள்ளுகிறது. புது பெயின்ட், வார்னிஷ், குடிபுகுந்த அன்றைய ஹோமப் புகை, சாம்பிராணி எல்லாம் அதோடு உள்ளே போகும். குடிவருவதற்கு முன் கரப்பானுக்கு மருந்து அடித்திருந்தால் இன்னும் ஆபத்து. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மீனுக்கு மிகக் குறைந்த அளவிலேயே கொடியவை. மீன் துடித்துச் சுழன்றால் இதைச் சந்தேகியுங்கள். பம்ப்பை ஜன்னலோரமாக மாற்றி வெளிக்காற்றை எடுக்கச் செய்து, பாதி நீரை மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். மருந்து அடித்த அறையாக இருந்தால் தொட்டியை ஒரு வாரம் வேறு அறையில் வையுங்கள். வழி இல்லையென்றால் மீனை நண்பர் வீட்டில் விடுங்கள்.

## அறிகுறி 5: அடியில் படுத்துவிட்டது, நிறம் வெளிறிவிட்டது

முதல் 24 மணி நேரம் நிறம் மங்கி ஒளிந்திருப்பது எந்த மீனுக்கும் வரும். விளக்கைப் போடாமல், இரை போடாமல், தொட்டியின் மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டி விட்டுவிடுங்கள். செவுள் சீராக அசைந்தால் பொறுத்திருக்கலாம்.

மறுநாளும் அப்படியே கிடந்தால், அல்லது சாய்ந்து நீந்தினால், டி.டி.எஸ். மீட்டரை எடுங்கள். கேனில் மிச்சமிருக்கும் பழைய நீரையும் தொட்டி நீரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 300-க்கு மேல் என்றால் நீர் மாற்றத்தின் அதிர்ச்சிதான். மெட்ரோ தண்ணீர் வீட்டிலிருந்து போர் தண்ணீர் வீட்டுக்குப் போனால் மீட்டர் 1000-ஐத் தாண்டிக் காட்டுவது சென்னையில் புதிதல்ல. பழைய நீர் இருந்தால் தொட்டியில் பாதிக்குப் பாதி கலந்து, பிறகு தினம் 10 சதவீதமாகப் புது நீருக்கு மாறுங்கள். பழைய நீர் இல்லையா? போர் தண்ணீரில், கடையில் வாங்கும் கேன் குடிநீரைக் கலந்து பழைய அளவுக்கு அருகில் கொண்டுவாருங்கள். வெறும் கேன் தண்ணீரில் விடக் கூடாது. அதில் உப்புச்சத்தே போதாது.

இன்னும் மீனை விடாதவர்கள் இப்படிச் செய்யுங்கள். பையை 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமன்படுத்துங்கள். பிறகு மீனைப் பை நீரோடு வாளிக்கு மாற்றி, ஏர் ட்யூபில் ஒரு தளர்ந்த முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை நொடிக்கு 3 சொட்டு வீதம் அதில் இறக்குங்கள். நீர் இரண்டு மடங்கானதும் பாதியைக் கொட்டி மறுபடி தொடருங்கள். ஒரு மணி நேரம் போதும். 6 மணி நேரத்துக்கு மேல் கட்டிக்கிடந்த பைக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் சேர்ந்திருக்கும் அம்மோனியா, பையைத் திறந்து கரியமில வாயு வெளியேறியதும் விஷமாக மாறும். அதனால் பையைத் திறந்தபடி காத்திருக்காமல், வெப்பம் சமமானதும் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். அப்படி விடும் தொட்டி நீரைப் பழைய டி.டி.எஸ். அளவுக்கு முன்பே கலந்து வைத்திருக்க வேண்டும்.

## அறிகுறி 6: இரண்டாம் மூன்றாம் நாள் நீர் அரிசி களைந்த தண்ணீர் போல இருக்கிறது

முதல் நாளே கலங்கியிருந்தால் அது கல் தூசி. ஃபில்டர் ஒரு நாளில் பிடித்துவிடும். இரண்டாம் நாளுக்கு மேல் வெள்ளையாகக் கலங்கினால் நீரில் கிருமிகள் பெருகுகின்றன. அந்தக் கலங்கலால் மீனுக்கு நேரடிக் கேடு இல்லை. நீரை முழுதாக மாற்றித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினால்தான் கேடு வரும். இரையை நிறுத்தி, ஏர் ஸ்டோனைக் கூட்டி, அம்மோனியா சோதனை செய்யுங்கள்.

## அறிகுறி 7: மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒன்றாகச் சாகின்றன

நன்றாக நீந்திய மீன் மறுநாள் காலை செத்து மிதக்கும். செவுள் சிவந்திருக்கும், மற்றவை துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். கடைக்காரர் நீல மருந்து தருவார். அது இங்கே உதவாது.

மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா நீரில் கிட்டத்தட்ட இல்லை. ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டி வாழ்கிறது. ஸ்பாஞ்ச் வெயிலில் காய்ந்தாலோ, மூடிய ஃபில்டருக்குள் காற்றில்லாமல் பல மணி நேரம் கிடந்தாலோ, குளோரின் நீரில் பிழியப்பட்டாலோ அது செத்துப்போகும். பாக்டீரியா மறுபடி வளர 3 முதல் 6 வாரம் ஆகும். அந்த இடைவெளியை நீங்கள்தான் கையால் தாண்ட வைக்க வேண்டும்.

அம்மோனியா சோதனையில் லிட்டருக்கு 0.25 மி.கி. காட்டினால் இரையை நிறுத்தி 30 சதவீத நீரை மாற்றுங்கள். 0.5-க்கு மேல் என்றால் உடனே பாதி நீர். போர் தண்ணீர் வீடுகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்: அம்மோனியாவின் விஷப் பகுதி, பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7-லிருந்து 8-க்கு ஏறினால் சுமார் 10 மடங்காகிறது. ஆகவே பழைய வீட்டில் தாங்கிய அதே அளவு இங்கே கொல்லும். ஒரு வாரத்துக்குத் தினம் 25 சதவீதம் நீர் மாற்றம், ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை இரை. மாற்றும் நீர் குளோரின் நீக்கியதாக, டி.டி.எஸ். ஒத்ததாக இருக்கட்டும்.

அம்மோனியா இறங்கிய பிறகும் சாவு தொடர்ந்தால் செவுளைப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் நைட்ரைட், அதாவது பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது வரும் இன்னொரு விஷம். லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு, அதாவது 45 லிட்டருக்கு 45 கிராம், தனியாகக் கரைத்து 3 தவணையாக ஊற்றுங்கள். அதில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ஏறுவதைத் தடுக்கும். செடியும் சின்னக் கெளுத்தியும் இருந்தால் பாதி அளவு.

விரைவாகத் தீர ஒரே வழி, நன்றாக ஓடும் வேறொரு தொட்டியிலிருந்து அழுக்கான ஸ்பாஞ்ச் ஒன்று வாங்கிப் போடுவது. நண்பரிடமோ நம்பிக்கையான கடையிலோ கேளுங்கள். நோயில்லாத தொட்டி என்பது மட்டும் உறுதியாகத் தெரிய வேண்டும்.

இன்னும் கிளம்பாதவர்கள்: ஸ்பாஞ்சைப் பிழியாமல், பழைய நீர் பாதியும் காற்று பாதியுமாக ஒரு மூடி டப்பாவில் போட்டு, மீன் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் மூடியில் துளையிட்டுப் பேட்டரி ஏர் பம்ப்பின் ட்யூபை விடுங்கள். புது வீட்டில் கட்டிலைப் பொருத்துவதற்கு முன் ஃபில்டரைப் போடுங்கள்.

எப்போது நிபுணர்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டியும் ஒரு வாரத்தில் பாதி மீன் போய்விட்டால், அப்போதுதான் செத்த மீனையும் அரை லிட்டர் நீரையும் ஐஸில் வைத்து மீன் நோய் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ உங்கள் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்திலோ எங்கே கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 8: உடம்பில் வெள்ளைப் புள்ளிகள்

முதலில் கண்ணாடியையும் இலைகளையும் பாருங்கள். அங்கேயும் புள்ளி இருந்தால் அது புது நீரின் காற்றுக் குமிழ். ஒரு நாளில் போய்விடும். மீன் மேல் மட்டும், உப்புத் தூவியது போல, துடுப்பிலும் தெரிந்தால், மீன் கல்லில் உடம்பை உரசினால், அது வெள்ளைப்புள்ளி நோய். இடமாற்றத்தில் மீன் தளர்ந்த பிறகு முதல் 10 நாளில் தலைகாட்டும்.

வெப்பத்தை நாளுக்கு 2 டிகிரி வீதம் 30-க்கு ஏற்றி, ஏர் ஸ்டோனைக் கூட்டி, லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு என்ற அளவை இரண்டு நாளில் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். சென்னை வெயில் காலத்தில் ஹீட்டரே தேவைப்படாது. புள்ளி உடம்பில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. உதிர்ந்து நீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். ஆகவே புள்ளி மறைந்த மூன்றாம் நாளே நிறுத்திவிடாமல் 10 முதல் 14 நாள் தொடருங்கள். மாற்றிய நீரின் அளவுக்கு மட்டும் உப்பைச் சேர்த்து ஈடுகட்டுங்கள். உப்பு தாங்காத மீனும் செடியும் உள்ள தொட்டிக்கு மாலக்கைட் கிரீன் கலந்த கடை மருந்து. செதில் இல்லாத மீன்களுக்குப் பாதி அளவு. மருந்து போடும் நாட்களில் ஃபில்டரில் உள்ள கார்பனை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அது உறிஞ்சிவிடும்.